பதினொன்றாம் வகுப்பும் ஆயிரம் தலை டிராகனும்

ஆகஸ்ட் 8, 2025, வெள்ளி

மதியம் ஸ்டாஃப் ரூமில் எல்லார் கையிலும் போன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல்வர் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறார். இந்தக் கல்வியாண்டிலிருந்தே பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. இயற்பியல் சார் டிபன் பாக்ஸை மூடாமலே கணக்குப் போட்டுவிட்டார். "அக்டோபர்லயே ப்ளஸ் டூ புக்கத் திறந்துடலாம் மேடம்."

இந்தத் தேர்வு 2017-18இல் வந்ததே அதற்காகத்தான். பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் ப்ளஸ் டூவையே உருட்டிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் திணறினார்கள். தேர்வு வந்ததும் புத்தகத்தைப் பிரித்தார்கள். இப்போது பயம் போய்விட்டது, நல்லதுதான். பதினாறு வயசுப் பிள்ளைகள் அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதுவதை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆனால் பாடம்?

மற்றப் பாடங்களை விட என் பாடத்துக்கு இது அதிகம் வலிக்கும். கணினி அறிவியலில் ப்ளஸ் டூ புத்தகம் பைத்தான், எஸ்க்யூஎல் என்று கைத்தொழில் சொல்லித்தருகிறது. யோசிக்கச் சொல்லித்தருவது ப்ளஸ் ஒன் முதல் தொகுதியின் கடைசி மூன்று பாடங்கள். விண்டோஸும் உபுண்டுவும் முடிந்த பிறகு, சி++ தொடங்குவதற்கு முன்பு, இரண்டு ஊருக்கு நடுவே பஸ் நிற்காத கிராமம் மாதிரி இருக்கும். பொதுத்தேர்வு இருந்தபோதே அதைப் புக் பேக் ஒரு மார்க்கோடு கடந்து போனவர்கள்தான் அதிகம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அந்த மூன்றில் முதல் பாடம். ஒரு கணக்கைக் கணினிக்குப் புரியும்படி வரையறுப்பது எப்படி? புத்தகத்தில் ஓநாய், ஆடு, புல். எங்கள் பக்கத்துப் பாட்டிகள் சொல்வது புலி, ஆடு, புல்லுக்கட்டு. நானும் புலியையே வைத்துக்கொண்டேன்.

"ஆத்துல தண்ணி எவ்வளவு மிஸ்?" என்று கடைசி பெஞ்ச். நல்ல கேள்வி, ஆனால் தேவையில்லாத விவரம். எது தேவை, எது தேவையில்லை என்று பிரிப்பதுதான் இன்றைய பாடம். ஆற்றின் அகலம், படகின் நிறம், விவசாயியின் பெயர் எல்லாவற்றையும் போர்டிலிருந்து அழித்தோம். மிஞ்சியது நான்கு பேர்; ஒவ்வொருவரும் இந்தக் கரையிலா, அந்தக் கரையிலா. இரண்டு இரண்டாகப் பெருக்கினால் 16 நிலைகள். விவசாயி இல்லாத கரையில் ஆடு புலியோடோ புல்லோடோ நிற்கும் நிலைகள் 6. அவற்றை அடித்துவிட்டால் 10. இந்தப் பத்துக்குள்ளேயே நடந்து ஏழு முறை ஆற்றைக் கடந்தால் வேலை முடிந்தது.

கதையாகக் கேட்டபோது எல்லாருக்கும் விடை தெரியும். பத்து நிலைகளை வரைந்து கோடு இழுத்தபோதுதான் ஒருத்தி கேட்டாள்: "அப்ப இதுக்கு ரெண்டு வழி இருக்கா மிஸ்?" ஆமாம், இருக்கிறது. நடுவில் புலியை முதலில் கொண்டுபோகலாம், புல்லையும் கொண்டுபோகலாம். பாட்டி ஒரு வழிதான் சொல்லியிருந்தாளாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு அப்பா வந்திருந்தார், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பையனைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக்க வேண்டும், அதனால் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்திருக்கிறார். "இந்த மார்க்கு கட்-ஆஃபுக்கு உண்டா மேடம்?"

இல்லை என்று சொல்வது ஒவ்வொரு வருஷமும் என் வேலை. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியலுக்கும் அதே கணக்குத்தான். இரண்டு வருஷம் படித்த கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் அந்த 200இல் ஒரு புள்ளி சேராது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீங்க எதுக்கு மேடம்?" என்றார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"அவன் காலேஜ் போனதும் கை நடுங்காம இருக்கறதுக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். பதில் அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ப்ளஸ் டூ பிற்பகல் வகுப்பு. முதல் பாடத்தில் மீப்பெரு பொது வகுத்தி காண ஒரு நிரல், "லெட் ரெக்" என்று தொடங்கும். இது பைத்தானா, சி++ஸா என்று யாராவது ஒருவர் கேட்காத வருஷமே இல்லை. இரண்டும் இல்லை, ஓகேமல் மொழியின் சாயலில் எழுதியது. மொழி எதுவானாலும் யோசனை ஒன்றே என்று காட்ட எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். இன்று அந்த நிரலைத் தாளில் மூன்று அடி ஓட்டிப் பார்த்தவர்கள் நான்கைந்து பேர். மற்றவர்கள் அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள். 15 ஒரு மார்க், ஆறு இரண்டு மார்க், ஆறு மூன்று மார்க், ஐந்து ஐந்து மார்க், மொத்தம் 70. பிள்ளைகள் புத்தகத்தை இந்த அளவுகோலால்தான் பார்க்கிறார்கள். குற்றம் சொல்ல மாட்டேன்.

நான் ப்ளஸ் டூ படித்தபோது இன்னும் மோசம். முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ். கோப்பைச் சேமிக்க எந்த மெனு, எழுத்தைத் தடிமனாக்க எந்தப் பொத்தான் என்பதற்கெல்லாம் மார்க். 150 மதிப்பெண் வினாத்தாளில் 75 கேள்விகள் ஒரு மார்க். இரண்டாம் தொகுதி சி++, நீலத்திரை டர்போவில். அந்த மெனுக்கள் எதுவும் இன்று இல்லை. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்து புத்தகம் கைக்குக் கிடைத்தபோது, வெறும் புதிர்களுக்காக ஒரு பாடமே ஒதுக்கியிருப்பதைப் பார்த்து நம்ப முடியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்றாவது பாடம். சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் எதையோ மாற்றுகிறது. மாறாமல் நிற்பது எது என்று கண்டுபிடித்தால் நிரல் சரியா தவறா என்று ஓட்டாமலே சொல்லலாம். இன்வேரியன்ட். நிரலைத் தேற்றம் போல நிறுவ முடியும் என்று 1969இல் டோனி ஹோர் எழுதிய கட்டுரையின் முதுகெலும்பு இது. பதினாறு வயசில் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடைக்கிறது என்பதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கடலைமிட்டாய்ப் பாளம் வாங்கிப் போயிருந்தேன், 24 துண்டுக்குக் கோடு போட்டது. எப்படி உடைத்தாலும் ஒரு உடைப்புக்கு ஒரு துண்டுதான் கூடும். ஆக எத்தனை உடைப்பு? 23. நேராக உடைக்கலாமா, குறுக்காக உடைக்கலாமா என்று சண்டை போட்ட பையன்கள் அப்படியே நின்றார்கள். பாளம் ஐந்து நிமிஷம் கூடத் தாங்கவில்லை.

பிறகு பயிற்சிக் கேள்வி. விக்கிரமாதித்தனிடம் இரண்டு மாய வாள். ஒன்று 19 தலையை வெட்டும், டிராகனுக்கு 13 முளைக்கும். இன்னொன்று 7 தலையை வெட்டும், 22 முளைக்கும். எல்லாத் தலையும் போனால் டிராகன் சாகும். ஆயிரம் தலை டிராகன் சாகுமா? தலைகள் கூடுவதும் குறைவதும் மூன்றின் மடங்கில் என்று புத்தகமே துப்பும் தருகிறது.

கைடில் விடை தெளிவாக இருக்கிறது. முதல் வாளில் 6 குறையும், இரண்டாவதில் 15 கூடும். ஆயிரத்தை மூன்றால் வகுத்தால் மீதி 1. எத்தனை வீச்சு வீசினாலும் மீதி 1 மாறாது. பூஜ்யத்துக்கு மீதி பூஜ்யம். ஆகவே சாகாது. பாதி வகுப்பு இதை எழுதி முடித்துவிட்டது.

ஜன்னலோரம் இருக்கும் பெண் எழுதவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"சரியா 19 தலை இருக்கறப்ப முதல் வாள வீசினா, ஒரு தலையும் இருக்காதே மிஸ். அப்பவே செத்துடும்ல? செத்ததுக்கப்புறம் எப்படி 13 முளைக்கும்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. 19க்கும் மீதி 1. இன்வேரியன்ட் அந்த வழியை மறிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

லேப். ரெக்கார்ட் நோட்டில் மொத்தச் சம்பளம், பாலிண்ட்ரோம், ஃபிபோனாச்சி என்று பட்டியல் காத்திருக்கிறது. இன்று அதைத் தள்ளிவைத்தேன். டிராகனை சி++இல் எழுதச் சொன்னேன். விதி: 19 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் வாள், இல்லாவிட்டால் இரண்டாவது.

விதியைச் சொல்லும்போதே முதல் தகராறு. 16 தலைதான் இருக்கிறது என்றால் 19 வெட்டும் வாள் அந்தப் பதினாறையும் ஒரே வீச்சில் வெட்டாதா? கடைசி பெஞ்ச்தான் மறுபடியும். வெட்டும் என்று வைத்துக்கொண்டால் கணக்கே இல்லை, டிராகன் சுலபமாகச் சாகும். புத்தகம் சொல்லவில்லை. 19 என்றால் சரியாக 19 என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தோம். போன வாரம் ஆற்றின் அகலத்தை அழித்தோம். இந்த வாரம் ஒரு விவரம் குறைகிறதே என்று தேடுகிறோம். திட்டமிட்டிருந்தாலும் இப்படி அமைந்திருக்காது.

இரண்டு பையன்கள் வெட்டையும் முளைப்பையும் ஒரே வரியில் எழுதினார்கள்: தலையிலிருந்து 19 கழி, 13 கூட்டு. பூஜ்யமானால் நிறுத்து. நிரல் ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. ஆயிரத்திலிருந்து இறங்கி 16க்கு வந்து, பிறகு திரையில் 16, 31, 25, 19, 13, 28, 22, மறுபடி 16. இந்த ஏழு எண்களும் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தன. ஒருவன் ஒவ்வொன்றாக மூன்றால் வகுத்துப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் மீதி 1. கன்ட்ரோல் சி அழுத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஜன்னலோரப் பெண் அதே வரியை இரண்டாக உடைத்திருந்தாள். முதலில் 19 கழி. பூஜ்யமா என்று பார். இல்லையென்றால் மட்டும் 13 கூட்டு. அவளுடையது 168ஆவது வீச்சில் நின்றது. முதல் வாளை 164 முறை வீசி 16; இரண்டாவதை ஒரே ஒரு முறை வீசி 31; மறுபடி முதல் வாளில் 25, 19, அதோடு கதை முடிந்தது.

ஒரே கேள்வி, ஒரே வாள், இரண்டு மானிட்டரில் இரண்டு விடை. இரண்டுமே பிழையில்லாமல் ஓடிய நிரல்கள். முளைத்த பிறகு எண்ணுவதா, முளைக்கும் முன் எண்ணுவதா என்பதைக் கேள்வி சொல்லாததுதான் வித்தியாசம். பாங்கிலும் ரயில் டிக்கெட்டிலும் வருகிற கோளாறுகளில் எத்தனையோ இந்த வகைதான். நிரல் எழுதுபவர் ஒன்றை நினைத்திருப்பார், கேட்டவர் வேறொன்றை.

"பப்ளிக்ல கேட்டா எதை எழுதறது மிஸ்?" என்றது முன் பெஞ்ச்.

"நமக்குத்தான் பப்ளிக்கே இல்லையே" என்றது பின் பெஞ்ச்.

பொதுத்தேர்வு இருந்த வருஷமென்றால் நானும் "கைடுல இருக்கறத எழுதும்மா" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். விடைத்தாள் திருத்துபவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு. அவர் அதைத் தாண்ட முடியாது. இன்று அப்படிச் சொல்லத் தேவையில்லாமல் போனது. இயற்பியல் சார் எண்ணுகிற அக்டோபரையும் நான் எண்ணுகிற அக்டோபரையும் ஒரே அறிவிப்புத்தான் கொடுத்திருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

காலாண்டு வினாத்தாள் எங்கள் கையில் இல்லை. யூனிட் டெஸ்ட் என் கையில்தான். டிராகனைக் கேட்டேன், கொஞ்சம் மாற்றி: சாகும், சாகாது, எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் என்ன விதியை வைத்துக்கொண்டீர்கள் என்று முதல் வரியில் எழுத வேண்டும். மார்க் அந்த வரிக்குத்தான் அதிகம்.

திருத்திக்கொண்டிருந்தபோது இயற்பியல் சார் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் ப்ளஸ் டூவுக்கு வருமா மேடம்?" வராது. ப்ளஸ் டூவில் ரிகர்ஷன் இருக்கிறது, தேடல், வரிசைப்படுத்தல் இருக்கிறது. இன்வேரியன்ட் என்ற பேச்சே இல்லை. "வராது சார்" என்றேன். அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். மணி அடித்தும் உடனே எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

தாள்களைக் கொடுத்தேன். கடைசி பெஞ்ச் புதுசாக ஒன்று கொண்டுவந்திருந்தது. "ராஜாவுக்கு ரெண்டு கை இருக்குல்ல மிஸ்? ரெண்டு வாளையும் ஒரே நேரத்துல வீசினா?"

ஒரே நேரத்தில் வீசினால் 26 தலை போகும், 35 முளைக்கும். சரியாக 26 தலை இருக்கும்போது அப்படி வீசினால் டிராகன் சாகும். இருபத்தாறுக்கு வந்து சேர முடியுமா?

நான் வாயைத் திறக்கவில்லை. நோட்டுகளில் பேனா ஓடியது. இரண்டு வாள்களையும் சேர்த்து வீசினாலும் 9 கூடுகிறது, அதுவும் மூன்றின் மடங்கு என்று ஒருவன் சொன்னான். ஜன்னலோரப் பெண் எழுந்து போர்டுக்கு வந்தாள். 26ஐ மூன்றால் வகுத்து மீதி 2 என்று எழுதினாள். நம்மிடம் எப்போதும் மீதி 1தான், அதனால் 26 வரவே வராது, இந்த வழியில் கொல்ல முடியாது என்றாள். நிரல் எதுவும் ஓட்டவில்லை.

கடைசி பெஞ்ச் ஒத்துக்கொண்டது. அடுத்த பீரியட் வேதியியல். சாக்பீஸை வைத்துவிட்டு உட்காரப் போனாள்.