இடது கையைக் காணோம்

போன மாதம் மறுபதிப்பாக வந்த ஓர் ஆர்கன் தட்டு வாங்கினேன். அட்டையில் 'மூல நாடாவிலிருந்து' என்று தங்க எழுத்து. வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் லாக்கர், அதாவது தட்டு அச்சிட உதவும் மூலத் தகடு, வெட்டி ஓய்வு பெற்றவனுக்குச் சுருக்கென்றது. ஊசியை வைத்தேன். வலது கை பளபளத்தது. இடது கையைக் காணோம்.

சோல் ஜாஸ் ஆர்கன் குழுவில் பாஸுக்கு அநேகமாகத் தனி ஆள் இருக்கமாட்டார். 1960 ஏப்ரல் 25 அன்று ஜிம்மி ஸ்மித் 'பேக் அட் த சிக்கன் ஷாக்' பதிந்தபோது கூட இருந்தவை சாக்ஸபோன், கிதார், டிரம்ஸ். பாஸ் எல்லாம் ஸ்மித்தின் இடது கையும் பெடலும்தான். கம்பி பாஸ் என்றால் மீட்டியதும் ஒலி தேயும். தேயும்போது தடம் ஒடுங்கும். அடுத்த சுற்றை நெருக்கிப் போடலாம். ஸ்மித் வாசித்த ஹாமண்ட் ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி தேயாது. தடம் அகலமாகவே ஓடும், தட்டில் இடம் தீரும்.

என் ஆசான் முதல் வருஷம் தடம் வெட்டும் லேத்தைத் தொடவிடவில்லை. நுண்ணோக்கியில் தடத்தைக் காட்டி, "இடது கை எங்கே, சொல்லு" என்பார். தப்பாகச் சொன்னால் பேசமாட்டார். விளக்கை அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். நான் வெட்டிய முதல் ஆர்கன் பக்கத்தில், பதினேழாவது நிமிஷம் தடத்தோடு தடம் இடித்தது. லாக்கரைக் குப்பையில் போட்டார். "மொத்தச் சத்தத்தைக் குறை. பாஸில் கை வைக்காதே." அப்படி மூன்று லாக்கர் போயின. நாலாவதில் அரை டெசிபல் இறக்கினேன்; கடைசிப் பாட்டு உட்கார்ந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அரை டெசிபலை விட்டுக்கொடுக்க மனமில்லை. பாஸை வடிகட்டிவிட்டுச் சத்தமாக வெட்டுகிறார்கள். கட்டையை அழுத்தும்போது எழும் 'டிக்'கையும் குறை என்று மழிக்கிறார்கள். ஆர்கன்காரர்கள் ஆசையாக வைத்துக்கொண்ட டிக் அது! வரப்போகும் சத்தத்தை லேத்துக்கு முன்கூட்டியே சொல்லும் நாடா இயந்திரத்தை விற்றுவிட்டு, நடுவில் டிஜிட்டல் பெட்டி வைக்கிறார்கள். அட்டையில் மட்டும் மூல நாடா.

அந்தக் கால ஜாஸ் ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டர் ஒலிப்பதிவும் செய்தார், லாக்கரும் வெட்டினார். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் தன் பெயரைப் பதித்தார். தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். மறுபதிப்பு வாங்கும்போது தட்டை விளக்கில் சாய்த்து அந்த இடத்தைப் பாருங்கள். அங்கும் பெயர் இல்லை, அட்டையிலும் இல்லை என்றால், வெட்டியது யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த பதிப்பில் போடுவார்கள்.