புலிக்கு மூன்று, ஆட்டுக்குப் பதினைந்து

ஏப்ரல் 21

தங்கச்சி மகன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக, "மாமா, இந்த ஆடுபுலி ஆட்டத்துக்கு விதியே சரியில்லை. புலிக்கு மூணு காய், ஆட்டுக்குப் பதினஞ்சு. பேலன்ஸே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். சொன்ன இடம்தான் தப்பு. 15ஆம் தேதி தொடங்கிய மீன்பிடித் தடை ஜூன் 14 வரை நீளும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. அங்கே தொழிலுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் இப்போது எங்கள் மணமேல்குடி வலைக் கொட்டகையில்தான். சிமெண்ட் தரையில் கரிக்கோடு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கருங்கல் சில்லு. வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் ஆட்டத்தைக் குறை சொன்னால் விடுவார்களா?

"தம்பி, நீ புலியா ஆடுனியா, ஆடா ஆடுனியா? அதச் சொல்லு மொதல்ல" என்றார் படகு வைத்திருக்கும் சம்மாட்டி.

இரண்டும் ஆடவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவன் பழகியது வேறு ஆட்டம். ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கிறான். உள்ளே கட்டைவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் வீரர்கள். டேப் பிடித்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டி வெட்டுக்குத்து. ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை புள்ளி என்று விலை உண்டு. இரண்டு பேரும் ஒரே மொத்தத்துக்குள் படை சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கில் ஊறியவனுக்கு மூன்றும் பதினைந்தும் உறுத்தத்தான் செய்யும்.

ஏப்ரல் 23

கட்டத்தைக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடு இறங்கி அடிக்கோட்டில் முடிகிறது. குறுக்கே மூன்று கோடு, ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி. அடியில் நான்கு. ஆக 23. மூன்று புலியும் முதலிலேயே மேலே உட்கார்ந்துவிடும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதல் ஆடு விழுந்ததுமே நகரலாம். நேர்கோட்டில் பக்கத்து ஆட்டைத் தாண்டினால் வெட்டு. ஆடு வெட்டாது, வளைக்கும். மூன்று புலிக்கும் நகர வழியில்லாமல் அடைத்தால் ஆட்டுக்காரர் ஜெயித்தார்.

ஒரு ஆடுகூடப் போகாமல் பதினைந்தும் இறங்கினால் பலகையில் காலியாக இருப்பது ஐந்தே புள்ளி. அதற்குள் புலி திணறிப்போகும். ஆனால் அதுவரை ஆடு கைகட்டி நிற்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஓட்டமும் வெட்டும், மறுபக்கத்துக்கு ஆள்பலமும் பொறுமையும். ஆள்கணக்கு ஒத்துப்போகாததைக் குறை என்று சொல்கிறவர், இரண்டு பக்கமும் மாறி ஆடிய பிறகு சொல்லட்டும்.

பையன் காலையில் ஆடாக ஆடித் தோற்றான். சாயங்காலம் புலியாக ஆடித் தோற்றான். ராத்திரி சாப்பாட்டில் பேலன்ஸ் பேச்சே எழவில்லை.

ஏப்ரல் 24

வெயில். கொட்டகைப் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 25

இன்று பையனின் பெட்டியைத் திறந்தோம். மரத்துக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான், தோள் மட்டும் தெரிகிறது. அவனைச் சுடலாமா கூடாதா? விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். "தெரிந்தால் சுடலாம்" என்பதோடு சரி. எவ்வளவு தெரிந்தால்? அதைப் பற்றி மூச்சே இல்லை. அரைமணி நேரம் வாய்ச்சண்டை. இது நியாயமான குறை. கரிக்கோட்டில் இந்த வம்பே கிடையாது, புள்ளியில் இருக்கிறாய் அல்லது இல்லை.

இந்தப் பொம்மைச் சண்டைக்கு 1913இலேயே விதி எழுதி, 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகப் போட்டவர் எச்.ஜி.வெல்ஸ், காலயந்திரக் கதை எழுதிய அதே ஆள். காலாள் ஒரு அடி, குதிரை இரண்டு அடி. பீரங்கிக்குப் பகடை இல்லை. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட்டுப் பொம்மையைச் சாய்க்க வேண்டும். குறி பார்க்கத் தெரிந்தவன் பக்கம் சாயும் விதிதான். ஆனால் பொம்மை விழுந்ததா இல்லையா என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 28

கொட்டகையில் இன்று பெரிய தகராறு. ஆறு ஆடு வெட்டியாயிற்று, புலி ஜெயித்தது என்று ஒரு கட்சி. எல்லா ஆடும் தீரும்வரை ஆட வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறுகிறது, ஐந்து என்பவரும் உண்டு.

ஆறு போனால் மிச்சம் ஒன்பது. ஒன்பது ஆட்டால் மூன்று புலியைக் கட்ட முடியுமா? முடியும். அடிக்கோட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு புலி நிற்கட்டும். நடுவில் இரண்டு ஆடு, முனைக்கு மேலே ஏறும் கோட்டில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஆறே ஆட்டில் இரண்டு புலி அடங்கியது. மூன்றாவது புலி கடைசிக் குறுக்குக் கோட்டின் ஓரத்தில் நின்றால், அதற்கு மேலே ஓரமாக இரண்டு, உள்ளே இன்னும் ஒன்று. சரியாக ஒன்பது. வைத்துக் காட்டினேன். "புலி அங்க வந்து குந்துனாத்தானே?" என்றார் சம்மாட்டி. அதுவும் சரிதான், உச்சியில் நிற்கும் ஒற்றைப் புலியை அடைக்கவே எட்டு ஆடு வேண்டும். ஆனாலும் ஆறோடு முடிப்பது அவசரம்.

நேபாளத்துப் பாக்சால் ஆட்டத்தில் நான்கு புலி, இருபது ஆடு, ஐந்து வெட்டினால் புலிக்கு வெற்றி என்று தீர்மானமாக இருக்கிறது. அதனால்தான் அதைக் கணினியில் போட்டு ஆராய்ந்து, இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் சமன்தான் என்று சொல்ல முடிந்தது. ஆடெல்லாம் இறங்கிய பிறகு, வந்த நிலையே திரும்ப வரக் கூடாது என்றும் அங்கே சிலர் விதி வைத்து ஆடுகிறார்கள். நம்மிடம் புலி இரண்டு புள்ளிக்குள் போய்வந்துகொண்டே பொழுதை ஓட்டினால் கேட்க ஆளில்லை.

ஆகவே மூன்றுக்குப் பதினைந்து என்பதில் ஒரு குறையும் இல்லை. குறை முடிவில் இருக்கிறது. ஆடுபுலிப் பலகையை அச்சடித்துப் பெட்டியில் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடியும், புலி ஒரே இடத்தில் போய்வந்தால் என்ன செய்வது, இந்த இரண்டையும் மூடியின் உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.