சினார் இலைகள் சிவக்கும் போது

இலையுதிர் காலம் என்றால் நமக்குப் பாடப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். இறப்பர் தோட்டங்களுக்குப் பக்கத்தில் வாழ்பவர்கள் மாத்திரம் ஜனவரி, பெப்ரவரியில் இலைகள் சிவந்து கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காஷ்மீரில் அதற்கு 'ஹருத்' என்று பெயர். அந்தக் காலத்துக்கு அரசன் சினார் மரம்.

ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,585 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் பகல் குறுகிக் குளிர் ஏற, இலையின் பச்சையம் சிதைகிறது. மறைந்திருந்த மஞ்சள் முதலில் தெரிகிறது. பிறகு செம்மஞ்சள், சிவப்பு, கடைசியில் துருவின் நிறம். ஹஸ்ரத்பால் பள்ளிவாசலுக்கு அருகே நஸீம் பாக் என்ற முகலாயர் காலத்துத் தோப்பு உண்டு. இன்று அது காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அங்கே நடந்தால் கால் நிலத்தில் படாது, இலையில்தான் படும். விரித்த உள்ளங்கை போன்ற அந்த இலை உங்களுக்குப் புதிதல்ல. காஷ்மீர்ச் சால்வைகளின் பூவேலையில் பார்த்திருப்பீர்கள்.

பயணிகள் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று பாருங்கள். பெண்கள் துடைப்பத்தோடு வந்து சருகுகளைக் கூட்டிக் குவிக்கிறார்கள். தீ மூட்டி, சாம்பலாகுமுன் தண்ணீர் தெளித்து அணைக்கிறார்கள். மிஞ்சுவது கரி. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்த 'காங்ரி'யில் அந்தக் கரியை இட்டு, 'ஃபெரன்' என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டுதான் பனிக்காலத்தைக் கழிக்கிறார்கள்.

இந்தச் சூட்டுக்கு ஒரு விலையும் உண்டு. ஹருத் மாலைகளில் சருகுப் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கிறது. மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு அது பெரும் வேதனை. இலைகளை எரிக்காதீர்கள், உரமாக்குங்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். காங்ரியை உடலோடு ஒட்டி வைத்துப் பல ஆண்டுகள் பழகியவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் வருவதையும் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் மின்சாரம் நின்றுபோகும் பனி இரவில் பிள்ளையின் கைகளைச் சூடாக்க வேண்டிய தாயிடம் உரத்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மரத்துக்காவது சட்டம் துணை நிற்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த முற்றத்துச் சினாரையும் அனுமதியின்றி வெட்ட முடியாது.

போவதென்றால் ஒக்டோபர் கடைசிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் போங்கள். காலுறையும் கம்பளிச் சட்டையும் மறக்க வேண்டாம். அங்குள்ள வீடுகளில் விருந்தாளி உட்கார்ந்ததும் ஒரு காங்ரியை முன்னால் வைப்பார்கள். இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கனல்வது போன மாதத்துச் சினார் இலையாகவும் இருக்கலாம்.