பாடாத கணங்கள்

திருச்செந்தூர் வட்டாரத்துக் கோயிற்கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் யான். வில், உடுக்கை, குடம், குரல் ஆகிய நான்கும் ஒன்றாயிழைந்தே செவி புகும். டீஜே என்னும் இசைக்கலப்பாளருக்கோ அவை தனித்தனியே வேண்டும்; மேடையில் ஒன்றை அடக்கி மற்றொன்றை எழுப்புதல் அவர் தொழில். 2015-இல் வெளிவந்த ‘ஸ்டெம்ஸ்’ என்னும் கோப்புமுறையும் பாட்டை நான்கு கூறாகவே வகுக்கின்றது.

காலஞ்சென்ற என் தாய்மாமன் குழுவினரின் ஒலிப்பதிவை அங்ஙனம் பிரித்தளிக்கும் பணி எனக்கு வாய்த்தது. இடையிலே புகும் உடுக்கையாயினும், அதன் கோப்பு பாட்டின் முதற்கணத்திலிருந்தே தொடங்கல் வேண்டும். வெறுமையென்று அம்மௌனத்தை வெட்டினால் நான்கும் தம்முட் பொருந்தா. கூடி ஒலிக்கையில் சிதையாவண்ணம் ஒலியளவையும் சற்றே தாழ்த்திவைத்தல் வேண்டும்.

மாமாவின் குரலைத் தனியே கேட்டபோது, அடிகளுக்கிடையே அவர் இழுத்த மூச்சும் கேட்டது. மென்பொருள் அதனை இரைச்சலென்று நீக்க முனைந்தது, யான் இசையவில்லை. பாடாத கணமும் பாட்டின் பகுதியன்றோ?