எந்த நிறம், அத்தா?



2023ஆம் ஆண்டு ஷஅபான் மாதத்தின் ஓர் இரவு. இஷா தொழுகையை முடித்து அடையாறு வீட்டுக்குத் திரும்பிய நம்மிடம் இளைய மகன் கைப்பேசியை நீட்டினான். திரை முழுவதும் பாம்புகள். ஒன்று செம்மஞ்சள், ஒன்று சாம்பல், இன்னொன்று பால் வெள்ளை. "எந்த நிறம் வாங்கலாம், அத்தா?" என்றான். வாங்கலாமா என்ற கேள்வி அவன் மனத்தில் எப்போதோ முடிந்துபோயிருந்தது. நிறம் ஒன்றுதான் பாக்கி.

நாம் ஒரே சொல்லில் பதில் சொன்னோம்: "ஹராம்."

பிள்ளை அழவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. "கிதாபில் எங்கே இருக்கிறது, அத்தா?" என்று மட்டும் கேட்டான். ஆதாரம் தெரியாமல் ஹலால் என்றோ ஹராம் என்றோ நாவை அசைக்காதீர்கள் என மதரஸாவில் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருபவர்கள் நாம். அன்று நம் நாவை அசைத்தது இல்மு அல்ல, அச்சம். சிறுவயதில் பாட்டனார் வீட்டுக் கொல்லையில் படமெடுத்து நின்ற நாகத்தின் நினைவு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. பார்த்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் படுத்தோம். உறக்கம் வரவில்லை.

அவன் காட்டியது கார்ன் ஸ்நேக். சோளப்பாம்பு எனலாம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, நஞ்சற்றது, எலி தின்பது. சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் இப்பெயர் என்பார் உண்டு. அடிவயிற்றின் கட்டங்கள் சோளமணிகளைப் போல் இருப்பதால் என்பாரும் உண்டு. இயல்பான பாம்பு செம்பழுப்பு நிறம்; முதுகில் கருங்கரை போட்ட சிவப்புத் திட்டுகள். கருநிறமி இல்லாமல் பிறப்பது அமெலனிஸ்டிக். அது சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும், கண்ணும் சிவந்திருக்கும். சிவப்பு நிறமி இல்லாதது அனெரித்ரிஸ்டிக். சாம்பலும் கறுப்புமாக இருக்கும். இரண்டும் இல்லாதது ஸ்னோ, அதாவது பனி. இயல்பான நிறமுள்ள தாய்க்கும் தந்தைக்கும்கூட இத்தகைய குஞ்சு பிறக்கலாம். இருவரும் அந்தப் பண்பை உள்ளே மறைத்து வைத்திருந்தால் போதும். இவ்வளவையும் அவனே மறுநாள் காலை நமக்கு விளக்கினான். அவன் ஆசைப்பட்டது பனிநிறப் பாம்புக்கு.

மனிதர்களும் கால்நடைகளும் பல நிறங்களில் படைக்கப்பட்டிருப்பதை ஃபாத்திர் அத்தியாயம் அத்தாட்சியாகச் சொல்கிறது. அதை ஓதி, ஓதிக் கொடுக்கும் வீட்டில் பிள்ளை நிறங்களைக் கண்டு வியந்தால் அதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது?

அன்று மாலை கிதாபுகளை எடுத்தோம். பிள்ளைகள் உயிர்களை வளர்ப்பதற்கு முன்மாதிரி உண்டு. அபூஉமைர் என்ற சிறுவர் ஒரு குருவி வைத்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அதை அன்போடு விசாரித்தார்கள். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல் அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையையும் நாம் அறிவோம். ஆனால் பாம்பின் நிலை வேறு. எங்கும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்குயிர்களுள் ஒன்றாக ஸஹீஹ் முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் பாம்பும் இடம்பெறுகிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஊர்வனவற்றை விற்பதும் வாங்குவதும் செல்லாது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலேயே இது இருக்கிறது. கொல்லும்படி சொல்லப்பட்டதை வீட்டில் வைத்து வளர்ப்பதையும் நம் ஃபுகஹாக்கள் ஏற்கவில்லை. நஞ்சற்றவை பற்றி இக்காலத்தில் வேறு கருத்துச் சொல்வோரும் உண்டு. அதையும் மகனிடம் மறைக்கவில்லை.

தேடலில் நம்மை நிறுத்திய செய்தி வேறொன்று. பாம்பைக் கண்டால் கொன்றுவந்தவர் இப்னு உமர் (ரலி). வீடுகளில் குடியிருக்கும் பாம்புகளைக் கொல்ல நபியவர்கள் தடுத்ததாக அபூலுபாபா (ரலி) எடுத்துச் சொன்னதும் அவர் அதைக் கைவிட்டார். அவ்வளவு பெரிய ஸஹாபியே ஒரு சொல் கேட்டுத் திருந்தினார். நாம் மகனை அழைத்து, நேற்றைய பதிலைக் கிதாப் பார்க்காமல் சொன்னதாக ஒப்புக்கொண்டோம். முடிவு பெரிதாக மாறவில்லைதான். ஆனாலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அவனுக்கு அது போதவில்லை. தி. நகரில் ஒருவர் பாம்புக்குஞ்சு விற்கிறாராம், ரசீதெல்லாம் கிடையாதாம். ரசீது இல்லாத பாம்பு சென்னைக்கு எப்படி வந்தது என்று கேட்டோம். அவனே தேடினான். அந்த ஆண்டு ஜனவரியில்தான் சென்னை விமான நிலையத்தில் உரியவர் இல்லாமல் கிடந்த இரண்டு பைகளைச் சுங்கத்துறையினர் திறந்திருந்தனர். உள்ளே 45 பந்து மலைப்பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள், 8 சோளப்பாம்புகள். அனைத்தும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன. வெளிநாட்டு உயிர்களைக் கொண்டுவர இறக்குமதி உரிமமும் நோய்த்தடுப்பு அனுமதியும் வேண்டும். துணிகளுக்கிடையே பையில் திணித்து வருவதற்கு எந்தச் சட்டமும் இடம் தராது. எட்டுப் பாம்புகள் என்ற வரியை அவன் இரண்டு முறை படித்தான். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

வீட்டில் இன்னொரு விசாரணையும் நடந்தது. இந்தப் பாம்புக்கு உறைய வைத்த எலியை வாங்கி வைத்து, உருக்கித் தர வேண்டும். "குர்பானி இறைச்சி இருக்கிற ஃப்ரீசரில் எலியா?" என்று அவன் அம்மா கேட்டபோது எவரிடமும் பதில் இல்லை. இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடிய உயிர் அது. கல்லூரிக்கு அவன் வெளியூர் போனால் யார் பார்ப்பது? கூண்டில் ஒரு பக்கம் 30 டிகிரி வெப்பமும் மறுபக்கம் 25 டிகிரி அளவில் குளிர்ச்சியும் இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் சூடேற்றும் கவலை. கத்திரி வெயிலில் மின்சாரம் போகும் நம் ஊரில் குளிரவைக்கும் கவலை.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் சென்றோம். ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கி, 1972 முதல் சிறுவர் பூங்காவை அடுத்து இயங்கிவரும் பண்ணை. கண்ணாடிக்கு இரண்டடி தள்ளியே நின்றோம், உண்மையைச் சொன்னால். மகன் சாரைப்பாம்பின் முன் நின்றுவிட்டான். அதுவும் நஞ்சற்றது, எலி தின்பது, சோளப்பாம்பைவிட நீளமாக வளரக்கூடியது. சாரை ஆண், நாகம் பெண் என்று ஊரில் சொல்வார்களே என்றோம். "இரண்டும் வேறு வேறு இனம், அத்தா. நாகம் என்று நினைத்தே இதை அடித்துவிடுகிறார்கள்" என்றான். நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவனே சொன்னான். குறிப்பேட்டை எடுத்து எழுதினான்: மஞ்சள் கலந்த பழுப்பு, உதட்டில் கறுப்புக் கோடுகள். வண்ணப்பெயர் எதுவும் எழுதவில்லை.

பனிநிறப் பாம்பின் படம் இன்னும் அவன் மேசை மேல் ஒட்டியிருக்கிறது. கிழித்துப்போடச் சொல்லவில்லை. ஆசை போய்விட்டது என்று அவனும் சொல்லவில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில், அஸர் நேரத்தில், நம் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பாம்பு வந்தது. காவலாளி கழியை ஓங்கினார். "அண்ணே, சாரை, சாரை!" என்று கத்திக்கொண்டே மகன் மாடிப்படியில் இறங்கி ஓடி வந்தான். நாம் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டோம்; நம் கைதான் நடுங்கியது. அனைவரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு வனத்துறைக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னோம். அவர்கள் வருவதற்குள் பாம்பு மழைநீர் வடிகாலுக்குள் இறங்கிவிட்டது.

"நிறத்தைப் பார்த்தீர்களா, அத்தா?" என்றான் மகன். நாம் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.