பேய் நகரத்தின் பாடல்

1981 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாடல் காதலைப் பாடவில்லை, களியாட்டத்தையும் பாடவில்லை. வெறிச்சோடிப்போன ஒரு நகரையே அது பாடிற்று. ‘ஸ்பெஷல்ஸ்’ குழுவினரின் அப்பாடலுக்குக் ‘கோஸ்ற் ரவுண்’, அதாவது ‘பேய் நகரம்’, என்று பெயர்.

இதனை இயற்றிய ஜெறி டாமேர்ஸ், 1955 இல் உதகமண்டலத்திற் பிறந்தவர். கிறித்தவ மதகுரு ஒருவரின் மைந்தர். அவரது குழு தோன்றிய கொவென்றி, மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்து, அத்தொழிலின் நலிவோடு தானும் நலிந்த நகரம். அங்கே வெள்ளை இளைஞரும், யமேக்காவிற் பிறந்த நெவில் ஸ்ரேப்பிள், லின்வல் கோல்டிங் ஆகியோரும் ஒரே மேடையில் நின்று, யமேக்காவின் ‘ஸ்கா’ இசையைத் தமதாக்கிக்கொண்டனர். இனவெறி தலைதூக்கியிருந்த அக்காலத்தில், அவ்வாறு கூடி நின்றதே ஒரு கொள்கைப் பிரகடனம் எனலாம்.

இசைப் பயணங்களின்போது டாமேர்ஸ் கண்ட காட்சிகளே பாடலுக்குக் கருவாயின. கடைகள் மூடிக் கிடந்தன. கிளாஸ்கோவின் வீதியோரத்தில் மூதாட்டியர் தம் வீட்டுக் கோப்பைகளையும் தட்டுக்களையும் விற்றுக்கொண்டிருந்தனர். 1981 இல் நாட்டின் வேலையற்றோர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டிற்று.

லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரிலே, எட்டுத் தடங்களில் மட்டுமே பதிவு செய்யக்கூடிய சிறு கூடமொன்றில், ஜோன் கொலின்ஸ் இதனை ஒலிப்பதிவு செய்தார். றிக்கோ றொட்றிகஸ் இசைத்த துரோம்போனின் சோகம் பாடலெங்கும் இழையோடுகின்றது. அவ்வேளை குழுவினுள்ளும் பிணக்கு முற்றியிருந்தது. நகரின் சிதைவைப் பாடியவர்கள் தாமே சிதைந்துகொண்டிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஏப்ரலில் பிறிக்ஸ்ரனிலே கலவரம் மூண்டிருந்தது. யூனில் இசைத்தட்டு வெளியாயிற்று. யூலையில் சவுத்தோல், ரொக்ஸ்ரெத் முதலான இடங்களும் எரிந்தன. அந்த மாதத்திலேயே பாடல் மூன்று வாரங்கள் முதலிடத்தில் நிலைத்தது. பலர் அதனைத் தீர்க்கதரிசனம் என்றனர். உண்மையில், கண்முன் நிகழ்ந்ததைக் கண்ணை மூடாது நோக்கியதன் பேறே அது.

அவ்வெற்றியின் உச்சத்திலேயே ரெறி ஹோல், ஸ்ரேப்பிள், கோல்டிங் ஆகிய மூவரும் விலகினர். எஞ்சியோரோடும் புதியவர்களோடும் டாமேர்ஸ் உழைப்பைத் தொடர்ந்தார். சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் விடுதலையைக் கோரி அவர் இயற்றிய பாடல் 1984 இல் வெளிவந்தது. குழு குலைந்தபோதும், அதனை ஒன்றுகூட்டிய கொள்கை குலையவில்லை.