திறக்காத சிப்பி

2024 செப்டெம்பர் முதல் வாரத்தில், நள்ளிரவு கடந்த வேளையில், ரொறன்ரோவிலிருந்து என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். செய்தித்தாள் வேலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு அகால அழைப்புகள் புதியவையல்ல. ஆயினும் அவன் குரல் என்னைக் கலக்கியது.

“மாமா, அரிப்புக் காணியை வித்தா என்ன?”

வீடு வாங்கவெனச் சேர்த்த பணத்தை அவன் ‘ஒப்ஷன்’ வணிகத்தில் இழந்திருந்தான். என்விடியாவின் பங்குகளை அவன் வாங்கவில்லை. குறித்த நாள்வரை குறித்த விலைக்கு அவற்றை வாங்கும் உரிமையை மட்டுமே வாங்கியிருந்தான். ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கானது. பங்கு ஏறினால் இலாபம் பன்மடங்கு. ஏறாவிடின், தவணை முடிந்ததும் கொடுத்த பணம் முழுவதும் போயிற்று.

இதில் வேடிக்கை, அவன் கணிப்புப் பிழைக்கவில்லை என்பதே. ஓகஸ்ட் 28 அன்று அந்நிறுவனம் வெளியிட்ட காலாண்டு வருமானம் ஏறக்குறைய 3,000 கோடி டொலர். முந்திய ஆண்டைவிட இரு மடங்குக்கும் மேல். மறுநாள் பங்கு 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நல்ல செய்தியை முன்கூட்டியே எதிர்பார்த்து, சந்தை அதற்கான விலையையும் கொடுத்து முடித்திருந்தது. வெள்ளிக்கிழமை தவணை முடிந்தது.

கடிந்துகொள்ள வாயெடுத்தேன்; சொல் எழவில்லை. நாங்கள் எந்த ஊரார்?

அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக் காலத்தில் ஒரு நகரமே முளைக்கும். குளித்தவர்களுக்கு மூன்றிலொரு பங்கு போக, அரசின் சிப்பிகள் மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஒன்றும் திறக்கப்பட்டிராது! வாங்கியவர் அவற்றை அழுகவிட்டு, ஈ மொய்க்கக் காத்திருந்து, கழுவிப் பார்த்த பிறகே தம் விதியை அறிவார். என் பூட்டனார் அவ்வாறு வாங்கிக் கடன்பட்டவர் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் ஈடுவைத்து மீட்ட காணிதான் அது.

பெரிய மனிதரும் தப்பவில்லை. 1905இல் அரசுக்குக் கிடைத்த வருமானம் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். அதைக் கண்டு மயங்கிய ஒரு பிரித்தானியக் கொம்பனி, 1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. பேராசிரியர் ஹேர்ட்மன் பார்களை ஆராய்ந்து எழுதிய பாரிய அறிக்கைகளும் இருந்தன. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912இல் கொம்பனி கலைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“பூட்டன் பிறகும் சிப்பி வாங்கினவரோ, மாமா?”

வாங்கினாராம். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

சென்ற மாதம் அரிப்புக்குப் போயிருந்தேன். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையை எங்களவர் அல்லிராணிக் கோட்டை என்பர். அதன் எஞ்சிய சுவர்களையும் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. காணியில் பனைகள் நிற்கின்றன. அக்கா கையொப்பமிட்டு அனுப்பிய பத்திரம் என் மேசையில் கிடக்கிறது. நான் இன்னும் ஒப்பமிடவில்லை.